இரட்டைப் படி இல்லாத ஏணி

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், நான் கழற்றி வைத்திருக்கும் பல்செட் எழுந்து வந்து என்னையே கடிக்கட்டும். சத்தியம் செய்ய இந்த வயதில் என்னிடம் உருப்படியாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

நடந்ததைச் சொன்னவர் காதுக்காரர். கேட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டு நான் வந்துவிடவில்லை. அந்த வீட்டுக்கே போய், மாடி ஏறி, சுவரில் இருந்த பித்தளை வாய்க்குள் நூல் விட்டு அளந்து பார்த்தேன். பன்னிரண்டு அடி. அவர் சொன்னதில் நூலளவும் பிசகில்லை, ஒரே ஒரு சங்கதியைத் தவிர. அது சின்ன விஷயம். கடைசியில் சொல்கிறேன்.

கிளாரினெட் செய்கிற பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகச் சுருதி பார்ப்பவர் காதுக்காரர். சுவரெல்லாம் கம்பளி ஒட்டிய ஒரு சின்ன அறையில் அவருடைய நாற்காலி. கருவியைப் பூட்டி முடித்தவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று ஒரே ஒரு சுரத்தை நீட்டி ஊதுவார். ஆள் தெரியாது, கருவி தெரியாது, சத்தம் மட்டும் வரும். சுருதி சேர்ந்தால் காதுக்காரர் "வரட்டும்" என்பார். சேராவிட்டால் "போகட்டும்". வரட்டும் என்று வாயிலிருந்து விழுந்துவிட்டால் கருவி அவர் மேசைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு முதலாளியே வந்து நின்றாலும் அதைத் திருப்பி அனுப்பக்கூடாது. அது பட்டறைச் சட்டம்.

அவர் காதைப் பற்றிக் கதைகள் உண்டு. கொசு பறந்தால், அது எந்தச் சுரம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அடிப்பார். அதற்குள் கொசு சாப்பிட்டுவிட்டுக் கைகழுவியிருக்கும். பக்கத்து வீட்டில் தண்ணீர் கொதிக்கும் சத்தத்தைக் கேட்டு, "பாத்திரத்தோட அடியில ஒடுக்கு" என்று சுவர் வழியாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

அவர் மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவர். எந்த வண்டி எந்த மேடைக்கு வரும் என்று அந்தக் குரல் சொன்னால், அந்த வண்டியில் போகாதவர்கள்கூட எழுந்து நிற்பார்களாம். அந்தத் தொண்டையில் ஒரு முடிச்சு வந்தது. வெட்டி எடுத்தார்கள். ஆறு வாரம் பேசக்கூடாது என்றார் டாக்டரம்மா.

"பேச்சு வேண்டாம், முனகல் வேண்டாம். முக்கியமா எதுக்காவது பயந்து வீல்னு கத்திடக் கூடாது. ஒரே ஒரு தடவை கத்தினாலும் தையல் பிரிஞ்சிடும். அப்புறம் குரல் ஜென்மத்துக்கும் கிடையாது. வீட்டுக்காரரே, அது உங்க பொறுப்பு."

காதுக்காரர் தலையசைத்தார். உலகத்தில் எத்தனையோ சத்தம் அவர் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது "வந்துட்டீங்களா" என்று கேட்கிற அந்தச் சத்தத்துக்காக மட்டும்தான் அவர் தினமும் வீட்டுக்கு வருகிறார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் சொல்லவில்லை. நானாகத் தெரிந்துகொண்டேன்.

ஓய்வுக்கு அமைதியான இடம் வேண்டுமென்று ஒரு பழைய கட்டடத்தின் மாடிக்குக் குடிவந்தார்கள். கீழே பூட்டிக் கிடக்கும் ஒரு கடை. மாடிப் படுக்கையறைச் சுவரில், நெஞ்சு உயரத்தில், ஒரு பித்தளை வாய். அந்தக் காலத்தில் மாடியிலிருந்தபடியே கீழே தெருக்கதவில் நிற்பவரோடு பேச வைத்த குழாய். ஒன்றரை அங்குல அகலம். சுவருக்குள்ளேயே இறங்கி, படிக்கட்டின் அடியில் இன்னொரு பித்தளை வாயாக முடியும். தினம் நாலு மணி வாக்கில் காற்று கிளம்பும். மனைவி ஜன்னலைத் திறப்பாள். காற்று அறைக்குள் வந்து பித்தளை வாயின் விளிம்பைத் தடவிக்கொண்டு போகும்போது குழாய் முனகும்.

குடிவந்த நாள்முதல் அந்த முனகல் காதுக்காரருக்குப் பழக்கம். இரண்டு பக்கமும் திறந்த குழாய் ஒரு முழு ஏணி. அடிச்சுரம் முதல் படி. அதற்குமேல் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்சுரங்கள், படி படியாக, ஒன்றுகூட விடாமல். மற்றவர்களுக்கு அது ஒரே 'ஊ'. காதுக்காரருக்கு ஒவ்வொரு படியும் தனித்தனியாகக் கேட்கும். படுத்துக்கொண்டே எண்ணுவார்.

ஐந்தாவது வாரம் முடிந்த சனிக்கிழமை, காலை வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, குழாய் வேறு மாதிரி பேசியது.

ஒரு ஸ்தாயி கீழே.

சத்தம் தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. கட்டிலின் மரச்சட்டம் லேசாகத் துடித்தது. மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை. அவர் தன்னையறியாமல் படிகளை எண்ணினார். ஒன்று. மூன்று. ஐந்து. ஏழு. இரட்டைப் படிகள் எதுவும் இல்லை. யாரோ ஏணியிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி.

அந்த வெறுமையான, மரத்தனமான சத்தத்தை அவருக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமாக அதைத்தானே கேட்கிறார். ஒரு முனை மூடிய குழாய் அப்படித்தான் பேசும். ஒரு ஸ்தாயி இறங்கும், இரட்டைப் படிகள் செத்துப்போகும். கிளாரினெட்டின் சத்தமே அது. கிளாரினெட்டில் மூடிய முனை எது என்று பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வாய் வைத்திருக்கிற முனை.

படியிறங்கிப் போய்ப் பார்த்தார். தெருக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கீழ்ப் பித்தளை வாயில் யாரும் இல்லை, எதுவும் இல்லை. அதன் குறுக்கே ஒரு சிலந்தி வலை, ஒரு இழைகூட அறுபடாமல். மாடியில் குழாய் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. கீழே அந்த வலை ஆடவில்லை.

மேலே வந்தபோது மனைவி சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள். 'சட்டை இல்லாம எங்க போனீங்க? ஊர் பயந்துடப் போகுது.'

"எலி," என்றார் காதுக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை சுருதி ஒரு மயிரிழை கூடியிருந்தது. காற்று சூடானால் சுருதி ஏறும். அதனால்தான் பட்டறையில் குளிர்ந்த கருவியைச் சோதிக்கமாட்டார்கள். ஊதுபவர் முதலில் மூச்சை உள்ளே விட்டு விட்டுச் சூடாக்குவார், பிறகுதான் சுரம் பிடிப்பார். காதுக்காரர் பித்தளை வாயருகே கன்னத்தை வைத்தார். இதமான சூடு. ஈரமான சூடு. பூட்டி வைத்த கிளாரினெட் பெட்டியைத் திறந்ததும் வருகிற பழைய எச்சில்வாடை. அதோடு அந்தச் சத்தம் இப்போது ஆடியது, தடுமாறியது, கொஞ்சம் ஏறிக் கொஞ்சம் இறங்கியது. புதிதாக வேலைக்கு வந்தவர் சுருதி தேடுகிற மாதிரி.

திங்கட்கிழமை பட்டறையில் எழுபத்தைந்து கருவி. வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். மனைவி ஜன்னலைத் திறந்த சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. குழாய் ஊதத் தொடங்கியது. கீழே தொட்டது. கொஞ்சம் ஏறியது. இன்னும் கொஞ்சம். அப்புறம் சரியாக, மயிரிழை கூடாமல் குறையாமல், பட்டறைச் சுருதியில் வந்து நின்றது. நின்று காத்திருந்தது.

"வரட்டும்," என்றார் காதுக்காரர், தூக்கத்தில்.

சத்தம் நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தார். திரைச்சீலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. காற்று நிற்கவில்லை. குழாய் மட்டும் நின்றிருந்தது. ஆள் ஒருவர் வாயை எடுத்துவிட்டு, கருவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம். பிறகு மறுபடி தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை சுருதி பஞ்சமத்துக்கு ஏறியிருந்தது. ஏறுகிறதென்றால் குழாய் குட்டையாகிறது என்று அர்த்தம். சுவருக்குள் இருக்கும் குழாய் குட்டையாகாது. அடைப்பு நகர்ந்தால் உண்டு. காதுக்காரர் கணக்குப் போட்டார். போடவேண்டாம் என்று நினைப்பதற்குள் விடை வந்துவிட்டது. எட்டடி.

நாலடி ஏறி வந்திருக்கிறது.

மனைவியிடம் சொல்ல முடியாது. சொன்னால் பயப்படுவாள், பயந்தால் கத்துவாள், கத்தினால் போச்சு. ஆறு வாரம் முடிகிற வெள்ளிக்கிழமை வரைக்கும் இன்னும் மூன்று நாள். "உங்க அக்கா வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வாயேன்," என்று மெதுவாகப் போட்டுப் பார்த்தார்.

சிலேட்டில் சுண்ணக்கட்டி பறந்தது. 'அவகிட்ட போய் நான் பேசாம இருக்கணுமா? அதுக்கு என்னைக் கொன்னுடலாம்.'

அவரால் சிரிக்க முடியவில்லை.

புதன்கிழமை பட்டறையில், கருவியின் துளைகளை மூடும் சாவிகளுக்கு மெத்தை ஒட்டுகிற அக்காவிடம் போய் நின்றார். அந்த அம்மாள் பட்டறையில் அவருக்கும் மூத்தவள்.

"அக்கா, வரட்டும்னு சொன்னதை எப்பவாவது திருப்பி அனுப்பியிருக்கோமா?"

"எதுக்கு? தப்பா பாஸ் போட்டுட்டியா? உனக்குமா காது போச்சு?"

"சும்மா கேக்கறேன்."

"நீ வரட்டும்னா வரட்டும்தான் தம்பி. கூப்பிட்டுட்டு வாசல்ல நிறுத்தினா நல்லாவா இருக்கும்?" பசையைத் துடைத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னய்யா, ஆறு வாரமா பொண்டாட்டி பேசாம இருக்கா, குடுத்து வச்ச மனுசன், இப்படி பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிற?"

"வீட்டுக் குழாயில ஏதோ அடைச்சிருக்கு. தினம் மேல மேல வருது."

"எலியா இருக்கும்."

"எலிக்குச் சுருதி சேருமாக்கா?"

அக்கா சிரித்தாள். ஆனால் அன்று முழுவதும் அவருக்கு முதுகைக் காட்டாமலே உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

அன்று மாலை கதவைத் திறந்தபோதே மனைவி சிலேட்டோடு நின்றாள். 'குழாய் சரியாயிடுச்சு! பழைய சத்தமே வருது.'

வந்தது. பழைய சுருதிதான். அப்பாடா என்று ஒரு மூச்சு அவர் நெஞ்சிலிருந்து பாதி வெளியே வந்தது. மீதிப் பாதி வரவில்லை. பன்னிரண்டடித் திறந்த குழாயும் ஆறடி மூடிய குழாயும் ஒரே சுருதி. மற்றவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அவர் படிகளை எண்ணினார். ஒன்று. இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. மூன்று. நான்கு இல்லை. ஐந்து.

சரியாகவில்லை. பாதி வழி வந்திருக்கிறது.

அவள் சமையலறைக்குப் போன சமயம் பார்த்து, ஒரு நூலில் ஈயக்குண்டைக் கட்டிக் குழாய்க்குள் இறக்கினார். ஓரடி. மூன்றடி. ஐந்தடி. ஆறாவது அடியில் குண்டு எதன்மீதோ உட்கார்ந்தது. டங்கென்று இல்லை. மெத்தென்று. நூல் தளர்ந்தது. பிறகு, அவர் இழுக்காமலே, நூல் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, மறுபடி கொஞ்சம் ஏறியது. தூங்குகிறவரின் வயிற்றில் வைத்த மாதிரி.

வெடுக்கென்று இழுத்தார். குண்டு வெதுவெதுப்பாக இருந்தது.

பித்தளை விளிம்புக்கு வாயைக் கொண்டுபோய், அவள் காதில் விழாதபடி, "போகட்டும்" என்றார். "போகட்டும். போகட்டும்யா."

உள்ளே யாரோ மூச்சை இழுக்கும் ஒலி. அவ்வளவுதான்.

துணியை உருட்டிக் குழாயின் வாயை அடைத்தார். சத்தம் நின்றது. பத்து நிமிஷம் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் வந்தால் அது எங்கே இருக்கிறதென்று தெரியும். சத்தம் வராவிட்டால் ஆறடியிலா, நாலடியிலா, துணிக்குப் பின்னாலேயேவா? எழுந்து போய்த் துணியைப் பிடுங்கிவிட்டார்.

வியாழக்கிழமை ஓடிவந்தார். படியேறும்போதே கேட்டது. மூன்றடி. மேல்படிக்கு வருவதற்குள் இரண்டரை. கதவைத் திறந்தபோது சத்தம் இல்லை.

மனைவி சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். கண்கள் மூடியிருந்தன. இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு, பித்தளை வாயில் தன் வாயைப் பொருத்தியிருந்தாள். கன்னங்கள் மெதுவாக உப்பின, மெதுவாக வற்றின.

அவர் தோளைத் தொட்டார். அவள் திடுக்கிடவில்லை. நிதானமாக வாயை எடுத்து, விளிம்பைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுச் சிலேட்டில் எழுதினாள். 'டாக்டரம்மா சொன்ன மூச்சுப் பயிற்சி. குழல்ல ஊதணும்னாங்க. குடிவந்த நாள்ல இருந்து இதுலதான் ஊதறேன்.' கொஞ்சம் யோசித்துவிட்டு, கீழே இன்னொரு வரி. 'முதல்ல கஷ்டமா இருந்தது. இப்ப அந்தப் பக்கத்துல இருந்து இழுத்துக்குது.'

அவள் உதட்டைச் சுற்றி ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு வட்டம் பதிந்திருந்தது. இரவு வரை மறையவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. நாலு மணிக்கு டாக்டரம்மா சொன்ன ஆறு வாரம் முடிகிறது. முதல் வார்த்தையை மெதுவாக, பயப்படாமல், வீட்டிலேயே சொல்லிப் பார்க்கலாம் என்று உத்தரவு. மதியம் முழுக்க அவர் அவளுக்கும் குழாய்க்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தன் அகலத்துக்கு எது வந்தாலும் தடுத்துவிடலாம் என்று நம்பினாராம். ஆள் என்னைவிட ஒல்லி.

மூன்றேமுக்காலுக்கு அவருக்கு முகம் கழுவவேண்டும்போல் இருந்தது. இரண்டு நிமிஷம். வந்தபோது அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சிலேட்டை மடியில் வைத்திருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. காற்று வந்தது.

குழாய் பேசியது.

அவர் கண்களை மூடி எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. எல்லாப் படியும் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. பன்னிரண்டடியும் காலி. கீழ் முனை திறந்திருக்கிறது, மேல் முனை திறந்திருக்கிறது, நடுவில் காற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. போய்விட்டது. போகட்டும் என்றால் போகத்தான் செய்கிறது. சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

"போயிடுச்சும்மா," என்றார், திரும்பாமலே. "நீ இனிமே பேசலாம்."

அப்போது முதுகுக்குப் பின்னால் இன்னொரு சுரம் கேட்டது.

சன்னமாக. உயரத்தில். வெறுமையாக. மரத்தனமாக.

ஒன்று. மூன்று. ஐந்து.

கணக்குப் போடாதே என்று தனக்குத்தானே சொன்னார். விடை வந்துவிட்டது. ஏழு அங்குலம். ஏழுகூட இல்லை.

உதட்டிலிருந்து தொண்டையில் முடிச்சு இருந்த இடம் வரைக்கும் எவ்வளவு நீளமோ, அவ்வளவு.

திரும்பினார்.

அவள் வாய் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. ஜன்னல் காற்று திறந்த வாயின் குறுக்கே போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மூடிய முனை உள்ளே இருந்தது. கழுத்தில், தையல் போட்ட இடத்துக்கு நேராக, தோல் மெதுவாகப் புடைத்தது. வற்றியது. புடைத்தது.

கண்கள் மட்டும் அவளுடையவை. அவை அவரையே பார்த்தன.

மடியில் சுண்ணக்கட்டி கீறும் சத்தம். கை தானாக ஓடியது. எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. அவள் சிலேட்டைத் தூக்கினாள்.

'நான் பேசல.'

அவள் வாய் பேசியது. இருபத்திரண்டு வருஷப் பட்டறைச் சுருதியில், மயிரிழை கூடாமல் குறையாமல். அவருடைய இழுப்பு, அவருடைய சலிப்பு, எல்லாம் அப்படியே.

"வரட்டும்."

அவருக்குப் பின்னால், சுவரில், இரண்டாவது படி அணைந்தது. நான்காவது அணைந்தது. ஆறாவது.

குழாய் ஒரு ஸ்தாயி இறங்கியது.

நான் விட்டுவைத்த அந்தச் சின்ன விஷயம்: அந்த அறையில் ஜன்னல் கிடையாது.